குழந்தைக்கு எந்த உணவு ஒத்துக்கொள்ளவில்லை? கண்டறியும் வழி, படிப்படியாக

என் மகளுக்கு ஏழாவது மாதத்தில் புட்டிப்பால் தொடங்கிய சில வாரங்களிலேயே கன்னமும் முழங்கை மடிப்பும் சிவந்து வெடிக்கத் தொடங்கின. மலம் சளி கலந்து போயிற்று. இரண்டு முறை அதில் இரத்தக் கோடும் தெரிந்தது. அவளுக்கு ஒத்துக்கொள்ளாதது பசும்பாலின் புரதம் என்று உறுதியாவதற்குள் முதல் பிறந்தநாளே வந்துவிட்டது. இடைப்பட்ட மாதங்களில் முட்டை, கோதுமை, நிலக்கடலை, மீன், தக்காளி, வாழைப்பழம் என்று யார் எதைச் சொன்னாலும் அதை நிறுத்திக்கொண்டே போனோம். எடை ஏறாமல் நின்றபோது, "இப்படியே போனால் ஒவ்வாமையைவிட உங்கள் பத்தியம்தான் குழந்தையை இளைக்க வைக்கும்" என்று ஒரு மருத்துவர் கண்டித்தார். அதற்குப் பிறகுதான் ஒழுங்கான முறைக்கு வந்தோம். அந்த முறையை, நாங்கள் விழுந்த குழிகளோடு சேர்த்து, ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளின் பெற்றோருக்காக இங்கே எழுதுகிறேன். மருத்துவரோடு சேர்ந்து நடப்பதற்கான வழி இது. அவரைத் தவிர்ப்பதற்கானதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

1. ஆபத்தான அறிகுறிகளை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

ஓர் உணவை உண்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்திற்குள் உதடோ நாக்கோ வீங்குவது, உடலெங்கும் தடிப்புகள் எழும்புவது, விடாத இருமல், மூச்சிரைப்பு, குரல் கம்முவது, திரும்பத் திரும்ப வாந்தி, குழந்தை வெளிறித் துவண்டுபோவது ஆகியவற்றில் இரண்டு மூன்று ஒன்றாக வந்தால் அது கடுமையான ஒவ்வாமை. மூச்சுத் திணறலோ துவளுதலோ தனியாக வந்தாலும் போதும். உடனே 108-ஐ அழையுங்கள், அல்லது கையில் வண்டி இருந்தால் அருகிலுள்ள அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். துவண்ட குழந்தையைத் தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொள்ளாமல் படுத்த நிலையிலேயே கொண்டு செல்ல வேண்டும். மூச்சுவிடத் திணறினால் மட்டும் சாய்த்து உட்கார வைக்கலாம்.

இங்கே இரண்டு தவறுகள் பரவலாக நடக்கின்றன. வீட்டிலுள்ள செட்டிரிசின் சொட்டு மருந்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது முதலாவது. அது தடிப்பையும் அரிப்பையும் அடக்கும். மூச்சுத் தடையை அடக்காது. அதற்குரிய மருந்து தொடையின் வெளிப்புறத் தசையில் போடப்படும் அட்ரினலின் ஊசி மட்டுமே. தடிப்பைக் 'காணாக்கடி' என்று சொல்லி மந்திரிக்க எடுத்துப் போவது இரண்டாவது. மந்திரிப்பதில் நம்பிக்கை உள்ளவர்கள் மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியில் அதைச் செய்துகொள்ளலாம்.

உங்கள் குழந்தைக்கு ஒரு முறையாவது இப்படி நேர்ந்திருந்தால், கீழே சொல்லப்படும் 'நிறுத்திப் பார்த்தல், கொடுத்துப் பார்த்தல்' எதையும் வீட்டில் செய்யாதீர்கள். நேராக ஐந்தாம் படிக்குச் செல்லுங்கள்.

2. எதைத் தேடுகிறோம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் 'ஒத்துக்காது' என்ற ஒரே சொல்தான். தோலில் வந்தால் கரப்பான், வயிற்றில் வந்தால் மாந்தம், மூக்கில் வந்தால் குளிர்ச்சி. மருத்துவர் கேட்கும் கேள்வி வேறு: உண்ட எவ்வளவு நேரத்தில் வந்தது?

உடனடி ஒவ்வாமை இரண்டு மணி நேரத்திற்குள் தெரிந்துவிடும். தாமத ஒவ்வாமை சில மணி நேரத்திலிருந்து இரண்டு மூன்று நாள்கள் கழித்துக்கூட வரும்; சளியும் இரத்தமும் கலந்த மலம், விடாத வயிற்றுப்போக்கு, தீராத எதுக்களிப்பு, தோல் வெடிப்பு முற்றுவது ஆகியவை இதில் சேரும். என் மகளுக்கு இருந்தது இதுதான். தாமத வகையிலேயே திடுக்கிட வைக்கும் ஒன்று உண்டு. உண்ட ஒன்று முதல் நான்கு மணி நேரத்தில் குழந்தை அடுக்கடுக்காக வாந்தி எடுத்து வெளிறிப்போகும். தோலில் ஒரு தடிப்பும் இருக்காது. இது பால், சோயா, முட்டை போன்றவற்றால் மட்டுமன்றி அரிசியாலும் வரக்கூடும் என்பதை, முதல் உணவாக அரிசிக்கஞ்சியையே ஊட்டும் நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும். கெட்டுப்போன உணவு என்று நினைத்து இரண்டு மூன்று முறை இதைக் கடந்துவிடுகிறவர்கள் உண்டு. ஒரே உணவுக்குப் பிறகு இரண்டாம் முறை இப்படி நடந்தால் தற்செயல் என்று விடாதீர்கள்.

மூன்றாவது, பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்க முடியாமை. இது ஒவ்வாமையே அல்ல. வயிற்றுப்போக்குக் காய்ச்சலுக்குப் பிறகு சில வாரங்களுக்கு மட்டும் இது வந்து போகும். குடலில் லாக்டோஸைச் செரிக்கும் நொதி இயல்பாகவே குறைகிற வகை, இரண்டு மூன்று வயதுக்கு முன் அபூர்வம். இந்தக் குழப்பத்தால் எங்களுக்கு ஒரு மாதம் வீணாயிற்று: 'லாக்டோஸ் இல்லாத' பால் பவுடரை வாங்கி ஊட்டினோம். அதில் சர்க்கரை மட்டுமே நீக்கப்பட்டிருந்தது. ஒவ்வாமை தரும் புரதம் அப்படியே இருந்தது.

நான்காவது, கோதுமையிலுள்ள குளூட்டனால் குடல் சிதையும் சீலியாக் நோய். இதைப் பற்றி ஆறாம் படியில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது.

3. இரண்டு வாரம் நாட்குறிப்பு எழுதுங்கள்

பள்ளிக்கூட நோட்டு ஒன்று போதும். நேரம், கொடுத்த உணவு, அளவு, யார் கொடுத்தது, பிறகு கண்ட மாற்றம், அது எத்தனை மணிக்கு என்று ஆறு கட்டங்கள் போடுங்கள். "காலை 8.10, இட்லி ஒன்று, நெய் அரை ஸ்பூன், பாட்டி, 11.30, தளர்ந்த மலம், சளி, மாலை 4, கன்னம் சிவப்பு" என்ற அளவில் எழுதினால் மருத்துவர் ஒரு நிமிடத்தில் படித்துவிடுவார். 'காலை டிபன், பரவாயில்லை' என்று எழுதிய என் முதல் வாரக் குறிப்பு எதற்கும் பயன்படவில்லை.

உணவாக நாம் கருதாதவற்றையும் எழுத வேண்டும். உரைமருந்து, கிரைப் வாட்டர், இரும்புச்சத்து சொட்டு, காய்ச்சல் மருந்து, கோயிலில் நாக்கில் தடவிய பஞ்சாமிர்தம், பக்கத்து வீட்டில் கையில் கொடுத்த பிஸ்கட் எல்லாம் கணக்கில் வரும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தை என்றால் தாய் உண்பதற்கும் ஒரு கட்டம் வேண்டும். தாய் உண்ணும் பால், முட்டை ஆகியவற்றின் புரதம் சிறிதளவு தாய்ப்பாலில் வரும்.

தடிப்பு வந்தால் கைப்பேசியில் படம் எடுங்கள். மருத்துவரிடம் போகும் நேரத்தில் தடிப்பு மறைந்துபோவது ஏறக்குறைய விதி போல நடக்கும். மலத்தையும் படம் எடுக்கக் கூச்சப்பட வேண்டாம். ஆனால் இரத்தம் என்று பதறுவதற்கு முன், முந்தைய நாள் பீட்ரூட்டோ தர்பூசணியோ கொடுத்தீர்களா என்று நோட்டைப் பாருங்கள். நான் ஓர் இரவு அழுதது பீட்ரூட்டுக்காக.

இந்தப் படியின் பெரிய பொறி சத்துமாவு. கேழ்வரகு, கம்பு, கோதுமை, பொட்டுக்கடலை, நிலக்கடலை, முந்திரி, பாதாம், ஏலக்காய் என்று பதினைந்து பொருள்களை வறுத்து அரைத்த மாவை முதல் உணவாகக் கொடுத்து, பிறகு எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. மாவு நல்லதுதான், அதிலுள்ள ஒவ்வொன்றும் தனித்தனியாகக் குழந்தைக்குப் பழகிய பிறகு நல்லது. புதிய உணவு எதையும் தனியாக, காலை வேளையில், சிறிதளவில் தொடங்கி மூன்று நாள் கொடுத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். அதே சமயம் அச்சத்தால் முட்டையையும் நிலக்கடலையையும் இரண்டு வயது வரை தள்ளிப்போடவும் வேண்டாம்; தள்ளிப்போடுவது ஒவ்வாமையைத் தடுப்பதில்லை என்பதே இன்றைய மருத்துவ நிலைப்பாடு. நிலக்கடலையை முழுதாகக் கொடுக்கக் கூடாது, புரை ஏறும். மைய அரைத்துக் கஞ்சியில் கலக்க வேண்டும்.

4. உணவல்லாத காரணங்களைக் கழியுங்கள்

இந்தப் படிக்கு ஒரு மாலை நேரம் போதும். வாயைச் சுற்றி மட்டும் சிவந்து அரைமணியில் மறைவது பெரும்பாலும் தக்காளி, ஆரஞ்சு, அன்னாசி ஆகியவற்றின் புளிப்பு தோலில் பட்ட எரிச்சல். வேர்க்குரு, கொசுக்கடி, கிருமிக் காய்ச்சலோடு வரும் தடிப்பு, கிருமிக்கொல்லி மருந்துக்குப் பிறகு வரும் வயிற்றுப்போக்கு, பழச்சாறு மிகுதியால் வரும் தளர்மலம் எல்லாம் உணவு ஒவ்வாமையைப் போலவே தோற்றம் காட்டும். ஒரு வயதுக்குப் பிறகு நாள்தோறும் அரை லிட்டருக்கு மேல் பால் குடிக்கும் குழந்தைக்கு மலச்சிக்கலும் இரத்தசோகையும் வரலாம். அங்கே பாலின் அளவைக் குறைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

தோல் வெடிப்புள்ள குழந்தைக்குக் கடலைமாவும் பயத்தமாவும் தேய்த்துக் குளிப்பாட்டுவதை எங்கள் தோல் மருத்துவர் நிறுத்தச் சொன்னார். வெடித்த தோல் வழியாக உணவுப் புரதம் உள்ளே சென்றால், பிற்பாடு அந்த உணவுக்கே உடல் ஒவ்வாமை கொள்ள வாய்ப்புண்டு என்பது அவர் தந்த விளக்கம்.

5. சரியான மருத்துவரிடம், சரியான காகிதங்களுடன்

முதலில் வழக்கமாகப் பார்க்கும் குழந்தைகள் நல மருத்துவர். மலத்தில் இரத்தம், எடை ஏறாமை, விடாத வாந்தி இருந்தால் குழந்தைகளுக்கான இரைப்பை குடல் மருத்துவருக்குப் பரிந்துரை கேளுங்கள். உடனடி ஒவ்வாமை என்றால் ஒவ்வாமை மருத்துவர். பெரிய நகரங்களுக்கு வெளியே இவர்கள் குறைவு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவிலும், சென்னை எழும்பூரிலுள்ள அரசு குழந்தைகள் நல மருத்துவமனையிலும் கட்டணமின்றிக் காட்டலாம். அரை நாள் காத்திருக்கத் தயாராக, காலையிலேயே போய்விட வேண்டும். தனியார் சிறப்பு மருத்துவரிடம் நான் செலுத்திய ஆலோசனைக் கட்டணம் ஒரு முறைக்கு 600 முதல் 1,000 ரூபாய். முன்பதிவுக்குப் பத்து நாள் காத்திருந்தேன். அந்தப் பத்து நாளும் நாட்குறிப்பு எழுதுவதற்கே பயன்பட்டன.

கொண்டு போக வேண்டியவை:

- தாய் சேய் நல அட்டை அல்லது தடுப்பூசிப் புத்தகம். அதிலுள்ள எடை, உயர வரைபடம்தான் மருத்துவர் முதலில் பார்ப்பது
- நாட்குறிப்பு, படங்கள்
- குழந்தை உண்ணும் பால் பவுடர், தானிய உணவு, பிஸ்கட் ஆகியவற்றின் பின்பக்க அட்டையின் படம்
- முந்தைய மருந்துச் சீட்டுகளும் பரிசோதனை முடிவுகளும்
- குடும்பத்தில் யாருக்காவது ஆஸ்துமா, தோல் வெடிப்பு, ஒவ்வாமை உண்டா என்ற குறிப்பு

எடை குறிக்கப்படாமலே இருந்தால் அங்கன்வாடியில் எடை போட்டு அட்டையில் எழுதி வாங்குங்கள். மருத்துவரிடம் 'அலர்ஜி டெஸ்ட் எழுதிக் கொடுங்கள்' என்று தொடங்காமல், நடந்ததை நேர வரிசைப்படி சொல்லுங்கள். இந்த நோயறிதலில் பெரும்பங்கு உங்கள் வாய்மொழிதான்.

6. பரிசோதனைகள்: எது தேவை, எது வீண்

உடனடி ஒவ்வாமைக்கு இரண்டு பரிசோதனைகள் உண்டு. ஒன்று, சந்தேகப்படும் உணவின் சாற்றைத் தோலில் சொட்டாக வைத்து, ஊசிமுனையால் லேசாகக் குத்திப் பார்ப்பது. பதினைந்து இருபது நிமிடத்தில் முடிவு தெரியும். மற்றொன்று குறிப்பிட்ட உணவுக்கான ஐ.ஜி.ஈ. (உடனடி ஒவ்வாமையைத் தூண்டும் எதிர்ப்பொருள்) இரத்தப் பரிசோதனை, முடிவு வரச் சில நாள்கள் ஆகும். பாலுக்கு மட்டும் எடுத்த இரத்தப் பரிசோதனைக்கு நான் 1,200 ரூபாய் கொடுத்தேன். தோல் பரிசோதனைக்கு ஐந்து முதல் ஏழு நாள்களுக்கு முன்பே செட்டிரிசின் போன்ற மருந்துகளை நிறுத்தியிருக்க வேண்டும். சளி இருமல் மருந்துகள் பலவற்றிலும் இதே வகை மருந்து கலந்திருக்கும். அதைக் கவனிக்காமல் போனால் முடிவு பொய்யாகும், மறுபடி வரச் சொல்வார்கள்.

இவற்றைப் பற்றி மூன்று செய்திகளைத் தெரிந்துகொண்டு போங்கள். தாமத ஒவ்வாமையை இந்தப் பரிசோதனைகள் காட்டா; என் மகளுக்குப் பாலுக்கான முடிவு 'இல்லை' என்றே வந்தது, ஆனாலும் பால்தான் காரணம். 'உண்டு' என்று வந்தாலும் அது உடல் அந்த உணவை அடையாளம் கண்டு வைத்திருப்பதை மட்டுமே சொல்லும். இதுவரை தொல்லையின்றி உண்டுவந்த உணவை அந்தத் தாளை நம்பி நிறுத்தக் கூடாது. முடிவிலுள்ள எண் பெரியதாக இருந்தால் ஒவ்வாமை கடுமையாக வரும் என்றும் பொருளில்லை. ஆகவே சந்தேகப்படும் ஓரிரு உணவுக்கு மட்டும் எடுங்கள். அறுபது எழுபது உணவுகளுக்கு மொத்தமாக எடுக்கும் தொகுப்புகள் பணத்தையும் குழப்பத்தையும் ஒன்றாகத் தரும்.

எங்களுடைய பெரும் தவறு இங்கேதான். 'ஐ.ஜி.ஜி. உணவு ஒவ்வாமைப் பரிசோதனை' என்று விளம்பரப்படுத்தப்பட்ட ஒன்றுக்கு, வீட்டிற்கே வந்து இரத்தம் எடுத்தார்கள் என்ற வசதிக்காக, 9,000 ரூபாய் கட்டினோம். பதினெட்டு உணவுகள் சிவப்பில் அச்சிட்டு வந்தன. ஐ.ஜி.ஜி. என்பது நாம் உண்ணும் உணவுக்கு உடல் இயல்பாகவே காட்டும் எதிர்வினை. அடிக்கடி உண்பதே மேலே நிற்கும். ஒவ்வாமை மருத்துவர்களின் சங்கங்கள், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ளவை உட்பட, இதை நோயறியப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்கின்றன. முடி மாதிரி எடுத்துச் சொல்லும் பரிசோதனைகளும் அப்படியே.

சீலியாக் எச்சரிக்கை இதுதான்: கோதுமையின் மேல் சந்தேகம் என்றால், பரிசோதனைக்கு முன் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். இரத்தத்தில் பார்க்கும் எதிர்ப்பொருள், குழந்தை கோதுமை உண்டுகொண்டிருந்தால்தான் தெரியும். நிறுத்திய பிறகு எடுத்தால் 'இல்லை' என்று வரும், நோய் உள்ளேயே இருக்கும்.

7. ஓர் உணவை மட்டும் முழுதாக நிறுத்துங்கள்

எந்த உணவு, எத்தனை நாள் என்பதை மருத்துவரோடு முடிவு செய்யுங்கள். தாமத ஒவ்வாமைக்கு இரண்டு முதல் நான்கு வாரம் வழக்கம். பொங்கல், தீபாவளி, ஊர்ப்பயணம், தடுப்பூசி வாரம் ஆகியவற்றைத் தவிர்த்து நாள் குறியுங்கள். நிறுத்தும் நாளில் புதிய மருந்து, புதிய சோப்பு எதையும் தொடங்கக் கூடாது. குணம் தெரிந்தால் எதனால் என்று சொல்ல முடியாமல் போகும்.

'முழுதாக' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. நாங்கள் பாலை நிறுத்திய முதல் முறை பத்து நாள் கழித்தும் மாற்றமில்லை. பிறகு நோட்டைப் புரட்டியபோது மதியம் தோறும் தயிர்சாதம் என்று என் மாமியாரின் கையெழுத்தில் இருந்தது. கேட்டால், "பாலைத்தானேம்மா நிறுத்தச் சொன்னாங்க? தயிரை யாரு சொன்னா?" என்றார். அவர் மேல் குறையில்லை, மருத்துவர் சொன்னதை நான் அவரிடம் அரைகுறையாகச் சொல்லியிருந்தேன். தயிர், மோர், வெண்ணெய், நெய், பன்னீர், பால்கோவா, பால் சேர்த்த பிஸ்கட், ரஸ்க், பன், டப்பாவில் வரும் குழந்தைத் தானிய உணவு எல்லாம் பால்தான். ஆட்டுப்பாலும் எருமைப்பாலும் மாற்று ஆகா. பசும்பால் ஒவ்வாத குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு அவையும் ஒவ்வா. தெருவில் சங்கில் அளந்து ஊற்றும் கழுதைப்பாலைக் காய்ச்சாமல் கொடுப்பதால் கிருமி அபாயம் வேறு.

கடைப்பொருள்களில் பச்சை வட்டத்தை நம்பாதீர்கள். அது சைவம் என்று மட்டுமே சொல்லும், பால் சைவத்தில் சேரும். முட்டை சேர்ந்ததற்குப் பழுப்பு நிற அசைவக் குறி இருக்கும், ஆகவே முட்டையைத் தேடுபவர்களுக்கு அது உதவும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி பால், முட்டை, மீன், நண்டு இறால் வகை, நிலக்கடலை, முந்திரி பாதாம் போன்ற கொட்டைகள், சோயா, குளூட்டன் உள்ள தானியங்கள் இருந்தால் உறையில் தனியே அறிவிக்க வேண்டும். 'கன்டெய்ன்ஸ்' என்ற சொல்லுக்குப் பின் பாருங்கள். எள்ளும் பருப்பு வகைகளும் அந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை. அவற்றுக்கு உட்பொருள் பட்டியலையே முழுதாகப் படிக்க வேண்டும். 'வே', 'கேசீன்', 'கேசினேட்', 'மில்க் சாலிட்ஸ்' எல்லாம் பாலின் வேறு பெயர்கள். கோதுமையை நிறுத்துபவர்கள் மைதா, ரவை, சேமியாவோடு கூட்டுப் பெருங்காயத்தையும் பார்க்க வேண்டும். அதில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், அது ரசத்திலும் சாம்பாரிலும் நாள்தோறும் விழுகிறது.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாலை நிறுத்தினால் அதற்கு ஈடு கட்டாயம் வேண்டும். தாய்ப்பால் இருந்தால் அதைத் தொடர்ந்து, தேவைப்பட்டால் தாய் பால் பொருள்களை விட்டு, தாய்க்குக் கால்சியம் மாத்திரை எழுதி வாங்க வேண்டும். இல்லையென்றால் புரதத்தை மிக நுண்ணியதாக உடைத்த சிறப்புப் பால் பவுடர். 400 கிராம் டின்னுக்கு நான் 1,500 ரூபாய்க்கு மேல் கொடுத்தேன். நான்கு வாரத்திற்கு ஐந்து டின் ஆயிற்று. எல்லாக் கடைகளிலும் இருக்காது, முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். 'எச்.ஏ.' என்று குறித்த, பாதி உடைத்த பவுடர் இதற்கு உதவாது. சிறப்புப் பவுடரின் சுவை கசப்பு, என் மகள் மூன்று நாள் துப்பினாள், நான்காம் நாள் குடித்தாள்.

ஒரு வயதுக்கு மேல் என்றால் சோறு, பருப்பு, முட்டை, மீன், கீரை, கேழ்வரகு ஆகியவற்றால் ஈடு செய்யலாம். ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருந்தாலும் குழந்தை உண்ணும் அளவு சிறியது, உடல் அதை முழுதாக எடுத்துக்கொள்வதுமில்லை. எனவே கால்சியமும் வைட்டமின் டி-யும் மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். தேங்காய்ப்பாலும், பாதாமை அரைத்துப் பிழிந்த பாலும் பெயரில் மட்டுமே பால், புரதம் மிகக் குறைவு. வாரம் ஒரு முறை எடை பாருங்கள். நான்கு வாரத்திலும் மாற்றமில்லையென்றால், முழுதாக நிறுத்தியது உறுதி என்றால், அந்த உணவு குற்றவாளி அல்ல. மறுநாளே திரும்பக் கொடுங்கள். இந்த வரியை நான் முன்பே படித்திருந்தால் ஆறு உணவுகளை அடுக்கடுக்காக நிறுத்தியிருக்க மாட்டேன்.

8. மீண்டும் கொடுத்துப் பாருங்கள்

குணமானதும் பெற்றோர் பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். நன்றாக இருக்கும் குழந்தையை மறுபடி ஏன் கெடுக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றிற்று. ஆனால் நிறுத்தியதால் குணமாயிற்றா, காலத்தால் தானே குணமாயிற்றா என்பதைத் திரும்பக் கொடுத்தால்தான் அறிய முடியும். அறியாமல் விட்டால் தேவையில்லாத பத்தியம் ஆண்டுக்கணக்கில் நீளும்.

உடனடி ஒவ்வாமை, அடுக்கு வாந்தி வகை, முன்பு கடுமையாக வந்தது, ஆஸ்துமா உள்ள குழந்தை ஆகியோருக்கு இது மருத்துவமனையில் மட்டுமே. சிறு அளவில் தொடங்கி, பதினைந்து முதல் முப்பது நிமிட இடைவெளியில் கூட்டிக்கொண்டே போய், கடைசி அளவுக்குப் பிறகும் மணிக்கணக்கில் வைத்துப் பார்ப்பார்கள். அரை நாளுக்கு மேல் ஆகும்; மாற்று உடை, விளையாட்டுப் பொருள், குழந்தைக்குப் பழகிய கிண்ணம் எடுத்துப் போங்கள். சளி காய்ச்சல் இருந்தால் தள்ளி வைப்பார்கள். கட்டணம் மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறுவதால் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். மருத்துவக் காப்பீடு இருந்தால் இதை ஏற்குமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

என் மகளுக்கு வந்தது மிதமான தாமத வகை என்பதால் வீட்டில் செய்ய மருத்துவர் அனுமதித்தார். அவர் எழுதிக் கொடுத்தது: முதல் நாள் 15 மி.லி., அடுத்த நாள் 30, பிறகு 60, பிறகு 120, அதன்பின் வழக்கமான அளவு. மொத்தம் ஒரு வாரம் கவனிக்க வேண்டும். திங்கட்கிழமை காலையில் தொடங்கச் சொன்னார், சனி இரவில் ஏதாவது ஆனால் யாரும் இருக்க மாட்டார்கள் என்பதற்காக. மூன்றாம் நாள் மாலை மலத்தில் சளி, நான்காம் நாள் காலையில் கன்னம் சிவந்தது. நிறுத்தினோம், நான்கு நாளில் அடங்கிற்று. ஐந்து மாத அலைச்சலுக்கு விடை அந்த நான்கு நாளில் கிடைத்தது. உங்கள் குழந்தைக்கான அளவை உங்கள் மருத்துவரிடமே எழுதி வாங்குங்கள். என்னுடையதை அப்படியே எடுக்க வேண்டாம்.

9. ஒரு தாளில் எழுதி எல்லோருக்கும் கொடுங்கள்

உறுதியானதும் மருத்துவரிடம் ஒரு சான்று வாங்குங்கள்: ஒவ்வாத உணவு, வரும் அறிகுறி, கொடுக்க வேண்டிய மருந்து, அழைக்க வேண்டிய எண். உடனடி ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அட்ரினலின் பற்றித் தெளிவாகப் பேசிவிட வேண்டும். தானே குத்திக்கொள்ளும் பேனா வடிவ ஊசி நம் ஊர் மருந்துக்கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. மருந்துக்குப்பியும் சிரிஞ்சும் வைத்துப் போடும் முறையை மருத்துவமனையில் கற்றுத் தரச் சொல்லுங்கள்.

சான்றின் நகல் ஒன்று அங்கன்வாடிப் பணியாளரிடம், ஒன்று குழந்தைகள் காப்பகத்தில், ஒன்று சமையலறைச் சுவரில். அங்கன்வாடியில் முட்டையும் சத்துமாவும் தருவார்கள் என்பதால் ஒவ்வாதது எது என்று வாய்மொழியாகவும் சொல்லிவையுங்கள். தடுப்பூசிக்குப் போகும்போதும் சான்றைக் காட்டுங்கள். முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தைகளும் தட்டம்மைத் தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளலாம். அதற்கு அஞ்சித் தவிர்க்க வேண்டாம்.

10. அடுத்த சோதனைக்கு இப்போதே நாள் குறியுங்கள்

பால், முட்டை ஒவ்வாமை பெரும்பாலான குழந்தைகளுக்குப் பள்ளி வயதுக்குள் தீர்ந்துவிடுகிறது. நிலக்கடலை, முந்திரி, மீன் ஒவ்வாமை நீடிப்பதே அதிகம். ஆகவே ஆறு மாதம் முதல் ஓராண்டுக்கு ஒரு முறை மருத்துவரிடம் மறுபடி பார்க்க வேண்டும். பாலுக்குப் படிக்கட்டு முறை உண்டு: மாவோடு கலந்து நன்றாகச் சுட்ட பிஸ்கட்டில் தொடங்கி, கேக், பிறகு தயிர், கடைசியில் எதிலும் கலக்காமல் அப்படியே குடிக்கும் பால் என்று மேலேறுவார்கள். சூடும் மாவும் சேர்ந்து புரதத்தின் வீரியத்தைக் குறைப்பதால் பல குழந்தைகள் முதல் படிகளை முன்கூட்டியே ஏறிவிடுகிறார்கள். உடனடி ஒவ்வாமை என்றால் இந்த ஏணியின் முதல் படியையும் மருத்துவர் சொல்லாமல் தொடக் கூடாது.

என் மகளுக்கு இப்போது இருபது மாதம். பிஸ்கட்டும் கேக்கும் தாண்டிவிட்டாள். அடுத்த மாதம் முதல் வாரம் தயிர். அந்த வாரம் ஊரில் திருவிழா என்று இரண்டாம் வாரத்திற்குத் தள்ளி, சுவரிலுள்ள தாளில் என் மாமியாரே தேதியைக் குறித்து வைத்திருக்கிறார்.